பன்னிரண்டு பேர் வேண்டும்

சூலியா தெரு, பினாங்கு
14-2-1932

அன்புமிக்க அண்ணன் ஜபருல்லா அவர்களுக்குத் தங்கை சலேஹா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். அத்தா, அம்மா, நான் மூவரும் இறைவன் அருளால் சுகம். அம்மாவின் முழங்கால் வலிதான் விடுவதாக இல்லை. சிங்கப்பூரில் தாங்கள் சுகமா? கல்லூரி விடுதியில் பெருநாளன்று வாய்க்கு ருசியாக ஏதாவது கிடைத்ததா என்று அம்மா கேட்கச் சொன்னார்கள்.

வியாழக்கிழமை எங்கள் பள்ளிக்கூடப் பலகையில் ஒரு தாள் ஒட்டியிருந்தார்கள். ரப்பர் விலை விழுந்ததிலிருந்து சர்க்கார் எல்லா இடத்திலும் செலவைக் குறைக்கிறதல்லவா, அது இப்போது எங்கள் வகுப்புக்கும் வந்துவிட்டது. ஏப்ரல் முதல் தமிழ் வகுப்பு கிடையாது. கேம்பிரிட்ஜ் பரீட்சைக்குத் தமிழ் எடுத்தவர்கள் அந்த நேரத்தில் தையல் படிக்கலாமாம். வாத்தியார் புக்கிட் மெர்தாஜாம் பக்கம் ஒரு தோட்டப் பள்ளிக்குப் போகிறார்.

எங்கள் வகுப்பில் ஏழு பேர். நானும் என் தோழி புஷ்பவள்ளியும் தலைமை ஆசிரியை மிஸ் ஹார்லோவைப் பார்க்கப் போனோம். அவர் ஆங்கிலத்தில் பேசியதைத் தமிழில் எழுதுகிறேன்.

"ஏழு பேருக்காக ஒரு வாத்தியாருக்குச் சம்பளம் தர முடியாது. உங்கள் வீட்டுச் சமையலறையில் பேசுகிற பாஷைதானே? அது எங்கே போய்விடும்?"

"பிரெஞ்சு வகுப்பில் நாலு பேர்தானே, மிஸ்?" என்றேன்.

"பிரெஞ்சு வேறு."

"எப்படி வேறு?"

அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு, சுதேச பாஷை வகுப்புக்குக் குறைந்தது பன்னிரண்டு பேர் வேண்டும், அதுதான் விதி என்றார். அந்த விதி எங்கே எழுதியிருக்கிறது என்று புஷ்பவள்ளி கேட்டாள். எங்களை வெளியே போகச் சொல்லிவிட்டார்.

இன்னும் ஐந்து பேர்தானே, அண்ணே? தேடப் போகிறேன்.

இருமல் வந்தால் அசட்டையாக இருக்க வேண்டாம். மற்றவை தங்கள் பதில் கண்டு.

தங்கை,
சலேஹா


கல்லூரி விடுதி, சிங்கப்பூர்
21-2-1932

அன்புத் தங்கை சலேஹாவுக்கு, வ அலைக்கும் ஸலாம். உன் கடிதம் கிடைத்தது. நான் சுகம். இருமல் போய்விட்டது. பெருநாளுக்கு விடுதியில் அவித்த உருளைக்கிழங்கு போட்டார்கள். இதை அம்மாவிடம் சொல்லாதே, வருத்தப்படுவார்கள்.

நீ கேட்ட கேள்வி நியாயமானது. ஆனால் நியாயமான கேள்வியை எல்லாரும் எல்லாரிடமும் கேட்டுவிட முடியாது. பெண்பிள்ளைக்கு இங்கிலீஷ் பள்ளிக்கூடம் எதற்கு என்றிருந்த அத்தாவிடம் இரண்டு வருடம் மன்றாடி உன்னைச் சேர்த்தவன் நான். ஏதாவது வம்பு என்று காதில் விழுந்தால், "போதும், வீட்டில் இரு" என்று சொல்ல அவருக்கு ஒரு நிமிஷம் ஆகாது. தையல் படித்தால் கை ஒன்றும் கெட்டுவிடாது. பரீட்சை முடியட்டும். தமிழ் எங்கும் ஓடிவிடாது.

நான் இங்கே சர்க்கார் உபகாரச் சம்பளத்தில் படிக்கிறேன் என்பதையும் நினைவில் வை.

அம்மாவின் முழங்காலுக்கு எண்ணெய் காய்ச்சித் தடவு. அத்தாவுக்கு என் ஸலாம்.

ஜபருல்லா


சூலியா தெரு, பினாங்கு
20-3-1932

அன்புள்ள அண்ணன் அவர்களுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். இங்கு யாவரும் நலம். எண்ணெய் தடவியதில் அம்மா இப்போது மாடிப்படி ஏறி இறங்குகிறார்கள். தங்கள் நலத்துக்கு துஆ செய்கிறோம்.

பன்னிரண்டு பேர் சேர்ந்துவிட்டோம்!

கீழ் வகுப்பிலிருந்து மூன்று தமிழ்ப் பிள்ளைகள் வந்தார்கள். நாலாவது ரொஸ்னா. அவள் பாட்டனார் நம் ஊர்க்காரர்தான், ஆனால் வீட்டில் எல்லாரும் மலாய்தான் பேசுவார்கள். "அத்தா கடைக் கணக்கெல்லாம் தமிழ்லதான் இருக்கு. ஒருத்தருக்கும் படிக்கத் தெரியல. நான் வர்றேன்லா" என்றாள்.

பன்னிரண்டாவது ஆளுக்காகப் பத்து நாள் அலைந்தோம். கடைசியில் என் பக்கத்து இருக்கைக் கிம் லியன் தானாகவே வந்தாள். முந்திரி தெருவில் வீடு, சீனப் பாபா குடும்பம். எங்களுக்குள் பேச்செல்லாம் மலாயில்தான். அவள் சொன்னது இது:

"ஆறு வருஷமா உங்க ரெண்டு பேர் பக்கத்துல உக்காந்திருக்கேன். என்னைப் பத்தி என்ன பேசிக்கிறீங்கன்னு எனக்கும் தெரிய வேணாமா? எழுது என் பேரை."

மனுவில் முதல் கையெழுத்து என்னுடையது. கொண்டுபோய்க் கொடுத்தோம். மிஸ் ஹார்லோ பெயர்களை விரலால் தடவிக்கொண்டே வந்து கடைசியில் நிறுத்தினார்.

"இவள் சீனப் பெண். தமிழ் இவள் தாய்மொழி இல்லையே?"

கிம் லியன் முன்னால் வந்து நின்றாள். "மிஸ், பிரெஞ்சு வகுப்பில் நாலு பேர் இருக்கிறார்களே, அதில் யாருக்கு பிரெஞ்சு தாய்மொழி?"

அண்ணே, மிஸ் ஹார்லோ மனுவை மேஜை இழுப்பறைக்குள் போட்டுப் பூட்டிவிட்டார். பதில் இன்னும் வரவில்லை.

நேரத்துக்குச் சாப்பிடவும். அத்தா தங்களுக்கு ஒரு கைலி எடுத்து வைத்திருக்கிறார்.

சலேஹா


கல்லூரி விடுதி, சிங்கப்பூர்
10-4-1932

தங்கை சலேஹாவுக்கு, ஸலாம். நான் சுகம். வீட்டில் அனைவரும் சுகம் என்று அறிந்து சந்தோஷம்.

பன்னிரண்டு பேரில் உன் பெயர் ஏன் முதலில் இருக்க வேண்டும்? அகர வரிசையில் எழுதியிருக்கக் கூடாதா? இந்த விஷயம் பினாங்கோடு நிற்கவில்லை. இங்கே உபகாரச் சம்பளக் கமிட்டித் துரை ஒருவர் நம் குடும்பத்தைப் பற்றி விசாரித்தார். சாதாரணமாகத்தான் விசாரித்தார், நீ பயப்பட வேண்டாம்.

ஆனால் இதோடு நிறுத்திவிடு. மிஸ் ஹார்லோவிடம் போய், தெரியாமல் செய்துவிட்டோம் என்று ஒரு வார்த்தை சொல். அண்ணன் கேட்கிறேன் என்று நினைத்தாவது செய். இந்த வாரத்துக்குள் பதில் எழுது. தாமதிக்காதே.

ஜபருல்லா


சூலியா தெரு, பினாங்கு
24-4-1932

அண்ணன் அவர்களுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். அத்தாவும் அம்மாவும் நலம். ஹஜ்ஜுப் பெருநாள் ஒருவாறு கழிந்தது. உடனே எழுதச் சொன்னீர்கள். எழுதும்படியான மனநிலையில் நான் இல்லை.

ஏப்ரல் முதல் வாரம் தமிழ் வகுப்பு அறைக்குப் பூட்டுப் போட்டுவிட்டார்கள். தையலுக்குப் போக நாங்கள் பன்னிரண்டு பேரும் மறுத்துவிட்டோம். பூட்டிய கதவுக்கு முன்னால் வராந்தாவில் உட்கார்ந்து, தமிழ் நேரம் முடிகிறவரை சத்தம் போட்டுப் பாடம் படித்தோம். கிம் லியனுக்கு அதுவரை ஆறு எழுத்துதான் தெரியும். அந்த ஆறையும் மாற்றி மாற்றிக் கத்தினாள். நாலாம் நாள் மிஸ் ஹார்லோ வந்து, "யார் இதை ஆரம்பித்தது?" என்று கேட்டார். பன்னிரண்டு பேரும் எழுந்து நின்றோம். மனுவில் முதல் பெயர் என்னுடையது என்பதால் எனக்கு மட்டும் இரண்டு வாரம் பள்ளிக்கூடம் வரக்கூடாது என்று உத்தரவு. அது முடிந்து நாளை போகிறேன்.

விஷயம் இங்கிலீஷ் பத்திரிகையில் நாலு வரி வந்துவிட்டது. கடைக்கு வருகிறவர்கள் அத்தாவிடம் கேட்கிறார்கள். அத்தா என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. சாப்பிடும்போது என் முகத்தைப் பார்ப்பதில்லை, அவ்வளவுதான்.

தெரியாமல் செய்தோம் என்று சொல்லச் சொன்னீர்கள். தெரிந்துதான் செய்தோம். எனக்குப் படிப்பு வேண்டும் என்று அத்தாவிடம் சண்டை போட்ட அண்ணனை எனக்குத் தெரியும். துரை ஒருவர் விசாரித்தார் என்றதும் நடுங்குகிற இந்த அண்ணன் யார் என்று எனக்குத் தெரியவில்லை. உங்கள் உபகாரச் சம்பளம் உங்களை நன்றாகப் பயப்படப் பழக்கியிருக்கிறது.

மன்னிப்புக் கேட்க மாட்டேன். அங்கேயும் இல்லை, இந்தக் கடிதத்துக்காகவும் இல்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

சலேஹா


சூலியா தெரு, பினாங்கு
12-6-1932

அன்புள்ள அண்ணன் அவர்களுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். என் கடிதம் போய் ஏழு வாரம் ஆகிறது, பதில் இல்லை. சுகமா? கோபமா? கோபமாயிருந்தால் அம்மாவுக்காவது இரண்டு வரி எழுதுங்கள். தபால்காரன் சைக்கிள் மணி கேட்டால் வாசல் வரை போய்விட்டு வருகிறார்கள்.

பாலிக் புலாவிலிருந்து டுரியான் பழம் வந்து இறங்கிவிட்டது. தெருவெல்லாம் அந்த மணம்தான். நீங்கள் இல்லாமல் அத்தா வாங்க மாட்டேன் என்கிறார்.

வராந்தாவிலும் உட்காரக் கூடாது என்றார்கள். அதனால் கிம் லியன் வீட்டுக் கூடத்தில் வாரம் இரண்டு நாள் வகுப்பு நடத்துகிறோம். வாத்தியார் கிடையாது. இலக்கணம் புஷ்பவள்ளி, செய்யுள் நான். சுவரில் கிம் லியனின் முன்னோர்கள் படத்திலிருந்து எங்களையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அவள் தாயார் பலகாரத் தட்டை வைத்துவிட்டு உள்ளே போகாமல் நிற்பார். நேற்று, "இந்த ழ-வுக்கு நாக்கை என்ன பண்ணணும்?" என்று கேட்டார். எல்லாரும் சொல்லிப் பார்த்தோம். ரொஸ்னாவுக்குச் சிரிப்பில் புரையேறிவிட்டது.

பள்ளி நிர்வாகச் சபை ஜூலைக் கடைசியில் கூடுகிறதாம். என்ன செய்வது என்று தெரியவில்லை. கடுமையாக எழுதியிருந்தேன். ஆனாலும் கேட்க உங்களைத் தவிர எனக்கு யாரும் இல்லை.

சலேஹா


சிராங்கூன் ரோடு, சிங்கப்பூர்
3-7-1932

அன்புத் தங்கைக்கு, வ அலைக்கும் ஸலாம். இரண்டு கடிதமும் கிடைத்தன. கோபம் இல்லை. வேலை மிகுதி, அதனால்தான் எழுத முடியவில்லை. அம்மாவிடம் நான் நன்றாக இருப்பதாகச் சொல். விடுதிச் சாப்பாடு ஒத்துக்கொள்ளாததால் வெளியே அறை எடுத்திருக்கிறேன். இனி இந்த முகவரிக்கே எழுது.

உன் விஷயத்துக்கு வருகிறேன். வகுப்பு வேண்டும் என்று மட்டும் கேட்டால், காசில்லை என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார்கள். வகுப்பு வேறு, பரீட்சை வேறு. பரீட்சைக்குத் தமிழ் இன்னும் பாடமாகத்தான் இருக்கிறது. வாத்தியார் இல்லாவிட்டாலும் பெயர் கொடுக்கலாம், அதற்குப் பள்ளிக்கு ஒரு செலவும் இல்லை. ஆகஸ்டு முடிவதற்குள் பெயர் போய்ச் சேர வேண்டும். ஆகையால் சபைக்கு எழுதும் மனுவில் இரண்டையும் தனித்தனியாகக் கேளுங்கள். பன்னிரண்டு பேர் என்ற விதி எங்கே இருக்கிறது என்பதையும் எழுத்தில் கேளுங்கள். புஷ்பவள்ளி முதல் நாளே சரியான கேள்வியைக் கேட்டிருக்கிறாள்.

உன் பெயர் முதலிலேயே இருக்கட்டும்.

என்னுடைய பழைய கடிதங்களைக் கிழித்துப் போட்டுவிடு. விடுமுறைக்கு இந்த முறை வர இயலாது. காரணம் கேட்காதே. அம்மாவுக்கும் அத்தாவுக்கும் ஸலாம். டுரியான் வாங்கிச் சாப்பிடச் சொல்.

ஜபருல்லா


சூலியா தெரு, பினாங்கு
28-8-1932

என் அருமை அண்ணனுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். எல்லாரும் சுகம் என்று எழுதத்தான் வேண்டும், எழுதிவிட்டேன்.

சபையின் முடிவை முதலில் சொல்கிறேன். இந்த வருடம் வகுப்பு கிடையாது. ஆனால் பரீட்சைக்குப் பெயர் கொடுப்பதைத் தடுக்க முடியாது என்று ஒப்புக்கொண்டுவிட்டார்கள். அந்த விதியைக் காட்டச் சொன்னோம். விதி எங்கும் இல்லை, அது வழக்கம்தானாம். பெயர் கொடுத்துவிட்டோம்.

சென்ற செவ்வாய்க்கிழமை உங்கள் விடுதித் தோழர் ஜெயராஜ் கடைக்கு வந்தார். விடுமுறைக்குப் புக்கிட் மெர்தாஜாமுக்கு வந்தவர், எங்களைப் பார்த்துவிட்டுப் போக ஃபெரி ஏறி வந்திருக்கிறார். அத்தா தொழப் போயிருந்தார். நான்தான் தேநீர் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

"அண்ணன் அச்சாபீஸ் வேலையெல்லாம் பழகிட்டாராமா?" என்று கேட்டார்.

"என்ன வேலை?"

அவர் முகம் மாறிவிட்டது. பேச்சை மாற்றப் பார்த்தார். நான் விடவில்லை. அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். தவறிருந்தால் நீங்கள் திருத்தலாம்.

"ஏப்ரல் மாசம் கமிட்டித் துரை கூப்பிட்டாரு. நானும் கூடப் போய் வெளியே நின்னேன், கதவு திறந்துதான் இருந்துச்சு. 'மனுவில உன் தங்கச்சி பேருதான் முதல்ல. உங்க அப்பாவுக்கு இங்கிலீஷ் தெரியாது. மூத்த பிள்ளை நீ எழுதிக் கொடு, எங்க குடும்பம் இதுலேருந்து விலகிக்கிதுன்னு. அப்புறம் மத்தவங்க தானா விலகிடுவாங்க'ன்னாரு. உங்க அண்ணன் தவணை கேட்டாரு. ராத்திரியெல்லாம் தூங்கல. அப்புறம் உங்ககிட்டேருந்து ஒரு கடிதம் வந்துச்சு. அதைப் படிச்சுட்டு மறுநாள் அவரே துரைகிட்ட போனாரு. 'நிறுத்தச் சொல்லிப் பாத்தேன், அவ நிறுத்தல. அவ கேட்டதுல பொய் ஒண்ணும் இல்ல சார். அவ பேரை என்னால அடிக்க முடியாது'ன்னு சொல்லிட்டாரு. ஜூன்லேருந்து உபகாரச் சம்பளத்தை நிறுத்திட்டாங்க. விடுதியையும் காலி பண்ணச் சொல்லிட்டாங்கம்மா."

அண்ணே, உங்களை நடுங்குகிறவர் என்று எழுதினேன். அந்தக் கடிதத்தையா படித்துவிட்டுப் போனீர்கள்? ஏன் எனக்கு ஒரு வார்த்தை எழுதவில்லை?

அத்தாவிடம் நானே சொன்னேன். அம்மா வேண்டாம் என்று கையைப் பிடித்து இழுத்தார்கள். அத்தா கையிலிருந்த கைலியை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். "அவன் சாப்பிடுறானான்னு கேட்டு எழுது" என்றார். பிறகு, "அந்தச் சபைக்கு என் பேர்லயும் ஒரு மனு எழுது. இங்கிலீஷ்லயே எழுது. அடுத்த வருஷம் வகுப்பு வேணும்னு எழுது. கையெழுத்து நான் தமிழ்ல போடறேன்" என்றார்.

போட்டுவிட்டார். அவரைப் பார்த்து இந்தத் தெருவில் இன்னும் பலர் போட்டார்கள்.

நான் பள்ளியை விட்டு நின்றுவிடட்டுமா? உங்கள் படிப்பைத் தின்றுவிட்டு நான் மட்டும் படிப்பதா? உடனே எழுதுங்கள்.

சலேஹா


சிராங்கூன் ரோடு, சிங்கப்பூர்
11-9-1932

அன்புத் தங்கைக்கு, வ அலைக்கும் ஸலாம். நான் சுகம். சாப்பிடுகிறேன் என்று அத்தாவிடம் சொல். காலையில் ஆப்பம், பகலில் சோறு, மீன். விடுதி உருளைக்கிழங்கைவிட மேல்.

ஜெயராஜுக்கு வாய் நிற்காது. ஆனால் சொன்னதில் பொய்யில்லை.

நீ நினைப்பதுபோல் நான் ஒன்றும் வீரனில்லை. தவணை கேட்ட நாட்களில் துரை கேட்டபடி எழுதியும் வைத்திருந்தேன். நல்ல இங்கிலீஷ். உன் கடிதம் வந்ததும் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தேன். உன்னுடையதில் எழுத்துப்பிழை ஒன்று இருந்தது, பொய் ஒன்றும் இல்லை. என்னுடையதில் பிழையே இல்லை, முழுக்கப் பொய். அதற்கு மேல் யோசிக்க என்ன இருக்கிறது?

உனக்கு எழுதியிருந்தால் நீ எனக்காக நிறுத்தியிருப்பாய். அதனால்தான் எழுதவில்லை. இப்போது நின்றுவிடட்டுமா என்று கேட்கிறாய் பார், இதற்குத்தான் பயந்தேன். நீ நின்றால் நான் இழந்தது இழந்ததுதான், அதற்குப் பயனும் இல்லாமல் போகும். ஆகவே பரீட்சை எழுது. இது புத்திமதி இல்லை. எனக்கு நீ செய்ய வேண்டியது.

இங்கே ஒரு தமிழ் அச்சகத்தில் அச்சுப்பிழை திருத்துகிறேன். விரல்களில் மை போகவில்லை. கல்யாணப் பத்திரிகை, செட்டியார்கள் சுற்றறிக்கை, எண்ணெய் விளம்பரம் எல்லாம் என் கண்ணைத் தாண்டித்தான் போகின்றன. பழைய வினாத்தாள்கள் சிலவற்றைத் தேடிப் பிடித்துத் தனிக் கட்டாக அனுப்பியிருக்கிறேன். கிம் லியனுக்கு என் ஸலாம் சொல். அவள் தாயாருக்கு ழ வந்துவிட்டதா?

அம்மா அழுதால் பக்கத்தில் இரு.

ஜபருல்லா


சூலியா தெரு, பினாங்கு
11-12-1932

என் அன்பு அண்ணனுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். இங்கு எல்லாரும் சுகம், இம்முறை உண்மையாகவே சுகம். அம்மா தங்களுக்கு மாசிக் கருவாட்டுத் தூளும் ஊறுகாயும் கட்டி வைத்திருக்கிறார்கள், ஆள் கிடைத்ததும் வரும்.

எழுதிவிட்டோம், அண்ணே. எட்டுப் பேர். பழைய ஏழு பேரும் கிம் லியனும். தான் தேறப் போவதில்லை என்று அவளுக்கே தெரியும். "வெள்ளைத்தாளா குடுத்தாலும் என் பேரு அங்க இருக்கும்லா" என்று வந்துவிட்டாள். தமிழ் வினாத்தாளை மிஸ் ஹார்லோ தன் கையாலேயே கொடுக்க வேண்டியதாயிற்று. என் மேஜையில் தலைகீழாக வைத்தார். நான் திருப்பி வைத்துக்கொண்டேன். துறைமுகத்தைப் பற்றி ஒரு கட்டுரை கேட்டிருந்தார்கள். நமக்குச் சொல்ல வேண்டுமா? தாள் போதவில்லை, எழுந்து நின்று இன்னொன்று கேட்டேன். கிம் லியன் ஒன்பது வரி எழுதினாளாம். வெளியே வந்ததும் அந்த ஒன்பது வரியையும் ஒப்பித்துக் காட்டினாள். இரண்டு பிழைதான்.

அத்தாவின் மனுவுக்குச் சபை பதில் அனுப்பிவிட்டது. பன்னிரண்டு பெயர் இருந்தால் ஜனவரியிலிருந்து பகுதி நேர வாத்தியார் வைப்பார்களாம். பத்தொன்பது பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள். அதில் இரண்டு பேர் இதுவரை பிரெஞ்சு படித்தவர்கள்.

மிஸ் ஹார்லோ என்னை அழைத்து, "உன்னால் பள்ளிக்கு மிகுந்த தொல்லை" என்றார். "ஆமாம், மிஸ்" என்றேன். வேறு என்ன சொல்ல?

உங்கள் படிப்பைத்தான் யாரும் திருப்பித் தரவில்லை. எல்லாரும் சிரித்துக்கொண்டிருந்தபோது அதை நினைத்து நான் மட்டும் தனியே போய் நின்றேன்.

சலேஹா


சிராங்கூன் ரோடு, சிங்கப்பூர்
20-12-1932

அன்புத் தங்கை சலேஹாவுக்கு, வ அலைக்கும் ஸலாம். உன் கடிதத்தை அச்சகத்தில் எல்லாருக்கும் வாசித்துக் காட்டினேன். அச்செழுத்துக் கோக்கிற பெரியவர் அப்துல் ஹமீது காக்கா, மிஸ் ஹார்லோவுக்கு நீ சொன்ன பதிலை மட்டும் இரண்டு முறை வாசிக்கச் சொன்னார். நான் சுகம். மழை விடாமல் பெய்தும் இருமல் இல்லை என்று அம்மாவிடம் சொல்.

தனியே போய் நிற்காதே. இனி அப்படிச் செய்தால் எனக்குக் கோபம் வரும்.

நேற்றுக் கமிட்டியிலிருந்து ஆள் வந்தது. நடந்ததற்கு வருத்தம் தெரிவித்து ஒரே ஒரு வரி எழுதிக் கொடுத்தால், ஜனவரியில் உபகாரச் சம்பளத்தோடு திரும்பச் சேர்த்துக்கொள்வார்களாம். வந்தவர் மலாய்க்காரர், நல்ல மனிதர். தாளும் பேனாவும் அவரே கொண்டு வந்திருந்தார். "ஒரு வரிதானே தம்பி, எழுதிடுங்க" என்றார்.

எழுதிக் கொடுத்தேன். "என் தங்கை பரீட்சை எழுதிவிட்டாள்" என்று.

தமிழில் எழுதியதால் அவருக்குப் புரியவில்லை, மடித்துப் பையில் வைத்துக்கொண்டு நன்றி சொல்லிவிட்டுப் போனார். கமிட்டியில் யாராவது படித்துச் சொல்லிக்கொள்ளட்டும்.

இதை அத்தாவிடம் அவர் சாப்பிட்டு முடித்த பிறகு சொல்.

உன் அண்ணன்,
ஜபருல்லா